விளைநிலம் எதற்கு, குப்பைமேடு இருக்க?

சூரிய மின்நிலையம் அமைக்கக் குத்தகைக்கு நிலம் கேட்டு உங்கள் ஊருக்கும் ஆட்கள் வந்திருக்கலாம். ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் நான்கைந்து ஏக்கர் வேண்டும். 2016-ல் கமுதியில் அமைந்த 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் விரிந்துள்ளது. சூரிய மின்சாரம் நாட்டுக்குத் தேவைதான். அதற்கு விளைநிலம்தான் வேண்டுமா?

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், நச்சுக் கழிவும் கொட்டப்பட்டு 1979-ல் மூடப்பட்ட குப்பைமேட்டின் மேல் இன்று காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் நிற்கின்றன. அப்படிப்பட்ட மேட்டில் உழ முடியாது, வீடும் கட்ட முடியாது. ஆனால் குழி தோண்டாமல், கான்கிரீட் கட்டைகளின் மேல் தகடுகளை நிறுத்தலாம். மேடு சில ஆண்டுகள் அமிழும், மீத்தேன் வாயுவும் கசியும். எனவே முறையாக மூடி, வாயுவைக் குழாய் வழியே வெளியேற்றிய பிறகே இதைச் செய்ய வேண்டும். குப்பையைப் பிரித்தெடுத்து நிலத்தை மீட்க முடிந்தால், அதுவே முதல் வேலை.

இத்தகைய குத்தகை பெரும்பாலும் 25 ஆண்டுகளுக்கு நீளும். அதுவரை அந்த நிலத்தில் ஏர் இறங்காது. கையெழுத்திடும் முன் யோசியுங்கள். அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கேளுங்கள்: “நம் மாவட்டத்தில் மூடிய குப்பைமேடு எத்தனை ஏக்கர்? அதை விட்டுவிட்டு எங்கள் வயலைக் கேட்பது ஏன்?”