கேனோபியைத் தரையே தேர்ந்தெடுக்கட்டும்

சொந்தமாக ரிக் வாங்கப் போகிறேன், எந்தக் கேனோபி எடுக்கலாம்? உரிமம் பெற்ற பாராசூட் குதிப்பாளர் ஒவ்வொருவரும் என்றாவது ஒரு நாள் கேட்கும் கேள்வி இது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் இருப்பவர்கள் குதிப்பதற்கு நார்னோலுக்கோ மைசூருக்கோ, வசதிப்பட்டால் துபாய்க்கோ பட்டாயாவுக்கோ போக வேண்டியிருக்கிறது. ஊர் திரும்பியதும் பேச்சு நிறுவனத்தின் பெயர், நிறம், கன்டெய்னரின் அளவு, விலை என்று சுற்றிச் சுற்றி வருகிறது. அந்தக் கேனோபி எந்த மண்ணில், எந்த வெயிலில், எந்தக் காற்றில் இறங்கப் போகிறது என்பது கடைசியில்தான் கேட்கப்படுகிறது. பல நேரம் கேட்கப்படுவதே இல்லை. இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும். இறங்கும் தரையை முதலில் பாருங்கள். அந்தத் தரை கேட்கும் கேனோபியை வாங்குங்கள். மற்றவற்றை அதன்பின் முடிவு செய்யுங்கள்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. 2012 ஏப்ரலில் சேலம் விமான நிலையத்தில் நடந்த பயிற்சி முகாமில், பெங்களூரைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் பாராசூட் சரியாக விரியாமல் உயிரிழந்தார். தமிழ்நாட்டில் ஸ்கைடைவிங் என்றதும் பொதுமக்கள் நினைவுக்கு வருவது அந்தச் செய்திதான். அதனால் பாராசூட் விரியாமல் போவது ஒன்றே ஆபத்து என்ற எண்ணம் நம்மவரிடமும் ஊறிவிட்டது. விரிந்துவிட்டால் பிழைத்தோம் என்று நினைக்கிறோம். உலகெங்கும் கிடைத்த அனுபவம் வேறு பாடத்தையும் சொல்கிறது. நன்றாக விரிந்த, எந்தப் பழுதும் இல்லாத கேனோபியின் கீழ், தரைக்கு மிக அருகில் எடுத்த ஒரு தவறான திருப்பத்தால் இறந்தவர்களும் கால் இடுப்பு முறிந்தவர்களும் ஏராளம்.

கருவிகள் மேம்பட்டதை மறுப்பதற்கில்லை. வட்டக் குடையின் காலம் போய், டொமினா ஜால்பர்ட் 1964இல் உருவாக்கிய ராம்-ஏர் வடிவம் வந்தது. பில் பூத்தின் மூன்று வளையப் பூட்டு, பழுதான மெயின் பாராசூட்டை ஒரே இழுப்பில் கழற்றிவிட வழி செய்தது. 1991இல் ஜெர்மனியின் ஏர்டெக் நிறுவனம் சைப்ரஸ் என்ற தானியங்கி விரிப்பானை, நாம் ஏஏடி என்று சொல்லும் கருவியை, வெளியிட்டது. அமெரிக்காவில் 1970களில் ஆண்டுக்குச் சராசரியாக 42 பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். 2023இல் சுமார் 36.5 லட்சம் குதிப்புகளில் இறந்தவர்கள் 10 பேர். ஆனால் அதே பில் பூத் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்: கருவி எவ்வளவு பாதுகாப்பானதாக ஆகிறதோ, அந்த அளவுக்குக் குதிப்பவர் கூடுதல் ஆபத்தைத் தேடிக்கொள்கிறார். சிறிய, வேகமான கேனோபிகள் மீதுள்ள மோகம் அதற்குச் சரியான சான்று.

இனி நம் தரைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து உளுந்தூர்பேட்டை ஓடுதளத்தைக் கடந்து போகும்போது, இங்கே ஒரு குதிப்புத் தளம் வராதா என்ற ஆசை நம்மில் பலருக்கு எழுவது இயல்பு. வரட்டும். வந்தால் எதன்மேல் இறங்குவோம் என்பதை இப்போதே யோசித்து வைப்போம். பத்தாயிரம் அடியிலிருந்து பார்த்தால் இந்த வட்டாரம் முழுவதும் தட்டையாக, எங்கு வேண்டுமானாலும் இறங்கலாம் போலத் தெரியும். ஐந்நூறு அடிக்கு வந்தபிறகு தெரிவது வேறு: கைப்பிடிச் சுவர் இல்லாத பாசனக் கிணறுகள், ஆளுயரத்தைத் தாண்டிய கரும்பு, நெருக்கி நட்ட சவுக்குத் தோப்பு, வரப்போரம் நிற்கும் பனைகள், பம்புசெட்டுகளுக்குப் போகும் மின்கம்பிகள். மேலிருந்து பார்ப்பவருக்குக் கம்பி தெரியாது. கம்பங்களைப் பார்த்து, அவற்றுக்கிடையே கம்பி இருப்பதாகவே கொள்ள வேண்டும். செஞ்சிப் பக்கம் பாறைக் குன்றுகள், மரக்காணம் பக்கம் உப்பளங்களும் கழுவெளியும், வடகிழக்குப் பருவமழை முடிந்தபின் ஊருக்கு ஊர் நிரம்பிய ஏரிகள். குறித்த இடம் தவறினால் நமக்குக் கிடைப்பது இவற்றுக்கு இடையே ஒரு சிறு கட்டாந்தரைதான்.

வெயிலும் கணக்கில் சேரும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொடும்போது காற்று அடர்த்தி குறைகிறது. 15 டிகிரியில் பறக்கும் அதே கேனோபி 40 டிகிரியில் சுமார் 4 விழுக்காடு வேகமாகப் பறக்கும், வேகமாகவே கீழிறங்கும். தரையில் மோதும் ஆற்றல் 8 விழுக்காட்டுக்கு மேல் கூடும். குளிர்நாட்டுத் தளத்தில் மெத்தென்று இறங்கிய கேனோபி, நம் ஊரில் ஃப்ளேர் செய்தும் முழங்காலில் உட்கார வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். காற்றும் அப்படித்தான். கோடையில் மதியம்வரை மேற்கிலிருந்து வீசும் காற்று, கடல்காற்று நுழைந்ததும் சில நிமிடங்களில் கிழக்குக்கோ தென்கிழக்குக்கோ மாறிவிடும். திண்டிவனத்துக்குக் கடல் தொலைவில் இல்லை. விமானம் ஏறும்போது பார்த்த காற்றுப்பை, கேனோபி விரியும்போது எதிர்த்திசையில் ஆடக்கூடும்.

இந்தத் தரைக்கு எந்தக் கேனோபி? விங் லோடிங் கணக்கிலிருந்து தொடங்குங்கள். எல்லாக் கருவிகளையும் மாட்டிக்கொண்டு எடை பார்த்து, அதைப் பவுண்டாக்கி, கேனோபியின் சதுர அடியால் வகுக்க வேண்டும். உடல் 75 கிலோ, கருவிகள் 12 கிலோ என்றால் மொத்தம் 87 கிலோ, அதாவது ஏறத்தாழ 192 பவுண்டு. 210 சதுர அடிக் கேனோபியில் இது 0.91. 190இல் ஒன்றைத் தொடும். 150இல் 1.28. முதல் சொந்தக் கேனோபி வாங்குபவர் ஒன்றுக்குக் கீழே இருப்பதே நல்லது. அமைப்பும் சதுரமாகவோ, முனைகள் லேசாக வளைந்த அரை நீள்வட்டமாகவோ இருக்கட்டும். முழு நீள்வட்டக் கேனோபி சிறு அசைவுக்கும் சீறித் திரும்பும். அதை அடக்கத் தெரிந்தவருக்கே அது பொருந்தும்.

எடை குறைந்தவர்கள் இதில் ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கருவிகளோடு சேர்த்து 60 கிலோ, அதாவது 132 பவுண்டு உள்ள ஒருவருக்கு 135 சதுர அடிக் கேனோபியிலும் விங் லோடிங் ஒன்றுக்குக் கீழேதான் வரும். எண்ணைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. சிறிய கேனோபியின் லைன்கள் குட்டையானவை. அதனால் ஒரே விங் லோடிங்கிலும் அது பெரிய கேனோபியைவிட வேகமாகத் திரும்பும், திருப்பத்தில் சரேலென்று சரியும். இவர்கள் 150 அல்லது 170இல் தொடங்குவது தகும். பெரிய கேனோபி பலத்த காற்றில் முன்னேறாது, பின்னுக்குப் போகும் என்று சிலர் வாதிடுவார்கள். வாதம் உண்மைதான். அதற்கு மருந்து கேனோபியைச் சிறிதாக்குவது ஆகாது. அன்றைக்குக் குதிக்காமல் இருப்பதே மருந்து. அமெரிக்கப் பாராசூட் சங்கம் மாணவர்களுக்கு வைத்திருக்கும் எல்லை மணிக்கு 14 மைல், ஏறத்தாழ 22 கிலோமீட்டர். கடல்காற்று மாறிக்கொண்டிருக்கும் மாலையில் அனுபவசாலிகளும் அந்த எல்லையை மதிக்கலாம்.

தாழ்வான திருப்பம் ஏன் கொல்கிறது என்பது ஒவ்வொரு குதிப்பாளருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். கடைசி இருநூறு அடியில் கிணறோ கம்பியோ கண்ணில் படுகிறது. கை தானாக ஒரு டாக்கிளை, அதாவது திருப்பும் கைப்பிடியை, முழுவதும் இழுக்கிறது. கேனோபி தலைக்கு மேலிருந்து பக்கவாட்டுக்குப் போய், மூக்கைக் கவிழ்த்துப் பாய்கிறது. அது மீண்டும் தலைக்கு மேல் வருமுன் தரை வந்துவிடுகிறது. மாற்று வழி உண்டு: இரண்டு டாக்கிளையும் பாதி இழுத்து வைத்துக்கொண்டு, ஒன்றைச் சற்றே தளர்த்தித் தட்டையாகத் திரும்புவது. இதை உயரத்தில் பலமுறை பழகாதவருக்குத் தாழ்வில் கை வராது. பழகியும் நேரமில்லை என்றால், இறக்கையை நேராக வைத்து, முழுவதும் ஃப்ளேர் செய்து, கால்களைச் சேர்த்து உருண்டு விழுவதே மேல். கரும்புக்குள் விழுந்து சிராய்ப்போடு எழுந்து வரலாம். சாய்ந்த கேனோபியோடு கட்டாந்தரையில் விழுந்தவருக்கு அந்த வாய்ப்புக் குறைவு.

ரிசர்வ் என்னும் மாற்றுப் பாராசூட்டைப் பற்றிப் பேசாமல் கேனோபித் தேர்வு முடியாது. முதுகில் சிறிய கன்டெய்னர் அழகாக இருக்கும் என்பதற்காக ரிசர்வின் அளவைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். ரிசர்வின் கீழ் நீங்கள் எப்படி இறங்குவீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். மெயினைக் கழற்றிவிட்டிருப்பீர்கள், உயரம் குறைந்திருக்கும், குறித்த இடத்துக்குத் திரும்ப வழி இருக்காது, பதற்றம் அடங்கியிருக்காது. ஏஏடி விரித்ததென்றால் நினைவே இல்லாமலும் இறங்க நேரலாம். ஆக, இருப்பதிலேயே கடினமான இறக்கத்துக்காக வாங்கும் கேனோபி அது. அதை மெயினைவிடச் சிறிதாக எடுக்க நியாயமே இல்லை.

ஏஏடியின் எல்லையும் தெரிந்திருக்கட்டும். சைப்ரஸின் வழக்கமான அமைப்பு, ஏறத்தாழ 225 மீட்டர் உயரத்தில், வேகம் நொடிக்கு 35 மீட்டரைத் தாண்டினால் மட்டுமே ரிசர்வை விரிக்கும். பாதி விரிந்து சுழலும் மெயின் அந்த வேகத்தைத் தொடாமலே உங்களைத் தரைவரை கொண்டுபோய்விடலாம். கருவி காத்துக்கொண்டே இருக்கும். மெயின் சரியில்லை என்று தெரிந்ததும், தீர்மான உயரத்துக்கு மேலேயே கழற்ற வேண்டியது உங்கள் கை. அமெரிக்கச் சங்கத்தின் கணக்கில் மாணவர்களுக்கும் ஏ உரிமக்காரர்களுக்கும் அந்த உயரம் 2,500 அடி. பி முதல் டி வரை 1,800 அடி. கழற்றியதும் ரிசர்வை இழுத்துவிடும் ஆர்எஸ்எல் இணைப்பையும் மாட்டியே வைத்திருங்கள்.

பழைய ரிக் வாங்குவதில் தவறில்லை. ரிக்கர் பிரித்துப் பார்க்காத ரிக்கை வாங்குவதுதான் தவறு. தயாரிப்புத் தேதி, வரிசை எண், நிறுவனம் விடுத்த எச்சரிக்கை அறிவிப்புகள், ஏஏடியின் பராமரிப்புத் தேதியும் ஆயுளும், ரிசர்வ் கடைசியாக மடிக்கப்பட்ட நாள் ஆகிய அனைத்தும் ஏட்டில் இருக்க வேண்டும். ஸ்பெக்ட்ரா லைன்கள் ஸ்லைடரின் உராய்வுச் சூட்டில் சுருங்கும். ஸ்டியரிங் லைன் சில அங்குலம் சுருங்கினாலே, டாக்கிளைத் தொடாதபோதும் கேனோபி பிரேக்கிலேயே பறக்கும். வெக்ட்ரான் லைன்களை வெயில் தின்னும். நைலான் துணிக்கும் வெயில் பகை. திண்டிவனம் வெயிலில் பூட்டிய காருக்குள் ரிக்கை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். கடலோர ஈரம் உலோக வளையங்களைத் துருவேற்றும், துணியில் பூஞ்சை பிடிக்கவைக்கும். மாதம் ஒருமுறை மூன்று வளையத்தைப் பிரித்து, நாடாக்களை மடக்கி நீவி, கழற்றும் கேபிள்களைத் துடைத்துப் போடுங்கள். மூடும் லூப்பில் நார் பிரிந்திருந்தால் அன்றே மாற்றுங்கள். சுருங்கும் வகைப் பைலட் சூட் என்றால், மடிக்கும்போது அதை இழுத்துத் திறந்து வைத்தீர்களா என்பதை ஒவ்வொரு முறையும் கண்ணால் பாருங்கள். திறந்து வைக்காத பைலட் சூட் காற்றைப் பிடிக்காது. பின்னால் கயிறாய் இழுபடும்.

இதெல்லாம் தனி ஒருவரின் கவனத்தால் மட்டும் நடந்துவிடாது. 2022 ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட தேசிய வான் விளையாட்டுக் கொள்கை ஸ்கைடைவிங்கையும் சேர்த்துப் பதினொரு விளையாட்டுகளை ஒரு குடைக்கீழ் கொண்டுவந்தது. அந்தக் கொள்கையின்கீழ் தமிழ்நாட்டுக் குதிப்பாளர்கள் கேட்க வேண்டியவை மூன்று. முகாம் நடத்துபவர், ஒவ்வொரு ரிக்கின் ரிசர்வ் அட்டையையும் ஏஏடி தேதியையும் மாணவர் கேட்காமலே காட்ட வேண்டும். காயம், கழற்றல், தவறிய இறக்கம் அனைத்தும் யார்மீதும் பழி போடாமல், காரணத்தோடு எழுதப்பட்டு மற்றவர் படிக்கக் கிடைக்க வேண்டும்; தமிழிலும் கிடைக்க வேண்டும். கேனோபியின் அளவைக் குறைக்க விரும்புபவர், இப்போதுள்ள கேனோபியில் தட்டைத் திருப்பம், பிரேக்கில் இறக்கம், குறித்த வட்டத்துக்குள் இறக்கம் ஆகியவற்றைப் பயிற்றுநர் முன் செய்துகாட்டிய பிறகே குறைக்க வேண்டும்.

ரிக்குக்கு முன்பணம் கொடுப்பதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். கருவிகளை மாட்டிக்கொண்டு எடை பாருங்கள்; விங் லோடிங்கைக் கணக்கிட்டு லாக்புக்கின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அதன்கீழ் உங்கள் பயிற்றுநரிடமும் ரிக்கரிடமும் கையொப்பம் கேளுங்கள். இருவரில் ஒருவர் தயங்கினாலும் ஒரு அளவு பெரிய கேனோபியை வாங்குங்கள்.