தமிழ் விசை: உரிமையா, தயவா?

சேக்கிழார் பெருமான் அவதரித்த குன்றத்தூருக்கு மேற்கே, ஸ்ரீபெரும்புதூர்ப் பிரதேசத்தில், 2006-ல் நோக்கியா கம்பெனியார் கைபேசித் தொழிற்சாலை தொடங்கினார்கள். 2014-ல் அது மூடப்பட்டது. இப்பொழுது அதே பிரதேசத்தில் ஃபாக்ஸ்கான் கம்பெனியார் ஐபோன்களைப் பொருத்தி வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். பொருத்தும் கைகளில் மிகப் பல தமிழ்ப் பெண்களின் கைகள். அப்பெண்கள் தங்கள் தாய்பாஷையில் கைபேசியில் ஒரு வரி எழுதுவதற்குச் சட்டம் அளிக்கும் உத்தரவாதம் என்ன?

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 16333-ம் எண் தரத்தின் மூன்றாம் பாகம் 2016-ல் வெளிவந்தது. மத்திய சர்க்கார் அதைக் கட்டாயமாக்கி, 2017 ஜூலை முதல் தேதியைக் குறித்தார்கள். தவணை பிறகு நீட்டிக்கப்பட்டது. அத்தரத்தின்படி 22 பாஷைகளின் எழுத்துக்களையும் கைபேசி காட்ட வேண்டும். எழுதுவதற்கோ இங்கிலீஷ், ஹிந்தி, இவற்றோடு வேறு ஏதேனும் ஓர் இந்திய பாஷை இருந்தால் போதும். "ஏதேனும் ஒன்று" என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஹிந்திக்கு நிச்சயமான ஆசனம். தமிழுக்குக் கம்பெனியின் சித்தம்! குஜராத்தி விசையோடு, தமிழ் விசையில்லாத கைபேசியைக் குன்றத்தூர்க் கடைத்தெருவில் விற்றாலும் இத்தரம் மீறப்பட்டதாகாது.

கடைகளில் தமிழ் விசை தாராளமாகக் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது, மறுக்கவில்லை. லாபம் இருப்பதால் கிடைக்கிறது. லாபம் குறைந்த நாளில் எந்தக் கோர்ட்டில் போய் முறையிடுவது?

கம்பெனிகள் பெரியவை, நம்மால் ஆவதென்ன என்று சோர்வதற்கும் இடமில்லை. கோபால் என்றொரு கம்ப்யூட்டர் மொழி உண்டு. (பெயரைக் கண்டு நம்மூர்க்காரர் என்று எண்ண வேண்டாம்.) 1968-ல் அமெரிக்காவில் அதற்குத் தரம் ஏற்பட்டது. அம்மொழியை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர்களைப் பெரிய கம்பெனிகள் விற்று வந்தன. அவை தரத்தின்படி நடக்கின்றனவா என்று சோதிக்க, கடற்படையைச் சேர்ந்த கிரேஸ் ஹாப்பர் அம்மையாரின் குழு பரீட்சை நிரல்களை எழுதிற்று. பிறகு, பரீட்சைக்கு உட்பட்ட கம்பைலர்களையே சர்க்கார் வாங்க வேண்டும் என்று விதி ஏற்பட்டது. பெரிய கிராக்கியின் சொல்லுக்குக் கம்பெனிகள் பணிந்தன.

தமிழ்நாட்டு சர்க்காரும் சிறிய கிராக்கியல்ல. தமிழ்99 விசைப்பலகையை 1999-லும், யூனிகோடு எழுத்துமுறையை 2010-லும் அங்கீகரித்தவர்கள். 2011 முதல் மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி வாங்கிக் கொடுத்தவர்கள். இனி வாங்கும் ஒவ்வொரு கருவியையும் இவ்விரு தரங்களிலும் பகிரங்கமாகப் பரீட்சித்து, தேறாததைத் திருப்பியனுப்பட்டும். நமது பார்லிமெண்டு அங்கத்தினர்கள் 16333-ல் "ஏதேனும் ஒன்று" என்பதை நீக்கி, "விற்கப்படும் ராஜ்யத்தின் பாஷை" என்று எழுதும்படி டில்லியில் வற்புறுத்தட்டும்.