கரண்ட் வைக்கப் போகும் நம் பெண்கள்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ தசை எடுத்து மார்பகத்தைச் சீரமைத்த பிறகும் பலருக்குக் கதிர்வீச்சு தேவைப்படுகிறது. ஊரில் இதைக் 'கரண்ட் வைப்பது' என்கிறோம். கட்டி பெரிதாக இருந்தாலோ, அக்குள் நெறிக்கட்டிகளுக்கு நோய் பரவியிருந்தாலோ, மிச்சமிருக்கும் புற்றணுக்களை அழிக்க இது வேண்டும். 'மார்பகம்தான் சரியாகிவிட்டதே' என்று பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து கூடும்.

கதிர் படும் இடத்தில் தோல் கறுக்கும், அசதி வரும். சிலிகான் வைத்திருந்தால் அதைச் சுற்றிச் சதை இறுகி வலிக்கலாம். சொந்தத் தசை பெரும்பாலும் நன்றாகத் தாங்கும். ஆகவே, 'எனக்குக் கரண்ட் தேவைப்படுமா?' என்று அறுவைக்கு முன்பே டாக்டரிடம் கேட்க வேண்டும். படிக்காதவர் கேட்டாலும் பதில் சொல்வது மருத்துவரின் கடமை.

இன்னொன்று. வெளியிலிருந்து செலுத்தும் கதிர் உடம்பில் தங்காது. அந்தப் பெண் பிள்ளையைத் தூக்கலாம், சமைக்கலாம், எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம். தனித்தட்டு, தனிக்குவளையின் வலி என்னவென்று நமக்குத் தெரியும். அதையே நம் வீட்டுப் பெண்ணுக்கு நாமே செய்யலாமா?

அக்காள்மடத்திலிருந்து மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்கு ஏறக்குறைய 160 கிலோமீட்டர். வாரத்துக்கு 5 நாள் வீதம் 3 முதல் 5 வாரம் கரண்ட் வைக்க வேண்டும். மேசையில் படுத்திருப்பது சில நிமிடம். போய்வர ஒரு நாள் முழுவதும் போகும். ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் உள்ள குடும்பங்களுக்குச் சிகிச்சைச் செலவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. இழந்த கூலியை யார் தருவார்? மகளிருக்கான கட்டணமில்லாப் பயணம் நகரப் பேருந்தோடு நின்றுவிடுகிறது. நிலமோ சேமிப்போ இல்லாத சேரிப் பெண் பாதியில் நிறுத்துவதற்கு அவளுடைய அறியாமை காரணமல்ல, வறுமைதான் காரணம்.

எனவே நாம் கேட்பது இரண்டு: சிகிச்சை முடியும்வரை மருத்துவமனைக்கு அருகில் தங்க இலவச இடம், அந்த நாட்களுக்குக் கூலி ஈடாக உதவித்தொகை. ஆதிதிராவிடர் நலத்துறையும் சுகாதாரத்துறையும் சேர்ந்து இதைச் செய்ய வேண்டும்.

நம் மாணவர்களுக்கும் வேலை இருக்கிறது. புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் டாக்டர் கையெழுத்திட வேண்டும். காப்பீட்டு அட்டைக்கு வருமானச் சான்று வேண்டும். உங்கள் தெருவில் ஒரு அக்காவுக்காவது இவற்றை வாங்கிக் கொடுங்கள். கடைசி நாள் கரண்ட் வரை அவர் போய்வரத் துணை நில்லுங்கள்.