வீடு தேடி வரும் உதிரிப்பாகங்கள்

இலங்கையில் பதிவுசெய்யப்பட்டுள்ள வாகனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள். அமைச்சர்களின் சொகுசு வாகனங்களைப் பற்றி எங்கள் பத்திரிகைகள் எழுதிய அளவில் பத்தில் ஒரு பங்குகூட இந்த இரு சில்லு வாகனத்தைப் பற்றி எழுதியதில்லை. ஆனால், ஆசிரியர் பாடசாலைக்குப் போவதும், மீன் வியாபாரி பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரிவதும், குடும்பநல உத்தியோகத்தர் கர்ப்பிணித் தாய்மாரைப் பார்க்கச் செல்வதும், அதிகாலையில் பத்திரிகைக் கட்டுகள் கிராமங்களுக்குப் போய்ச் சேர்வதும் இதில்தான். தந்தை ஓட்ட, தாய் பின்னால் அமர, நடுவில் ஒரு பிள்ளையும் பெற்றோல் தாங்கியின் மேல் இன்னொரு பிள்ளையுமாக ஒரு முழுக் குடும்பமே கோயிலுக்குப் போகும் காட்சி எங்கள் வீதிகளில் புதிதல்ல. சட்டம் இதை அனுமதிக்கிறதா என்பது வேறு விடயம். அந்த வாகனத்தின் பிறேக்கில் நான்கு உயிர்கள் தங்கியிருக்கின்றன என்பதே இங்கு முக்கியம்.

அந்தப் பிறேக்குக்கு வேண்டிய உதிரிப்பாகத்தை இன்று நாம் எங்கே, யாரிடம், எதைப் பார்த்து வாங்குகிறோம்? இந்தக் கேள்வியைத்தான் வாசகர்களின் முன் வைக்க விரும்புகிறேன்.

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் நாடு வங்குரோத்து நிலையைக் கண்டது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த அமெரிக்க டொலர், சில வாரங்களில் 350 ரூபாவைத் தாண்டியது. கியூ.ஆர். குறியீட்டைக் காட்டி வாரத்துக்கு நான்கு லீற்றர் பெற்றோல் வாங்கிய காலம் அது. வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்குப் பழைய மோட்டார் சைக்கிளை விற்க முடிந்த விந்தையையும் அப்போது பார்த்தோம். இறக்குமதி மீண்டும் தொடங்கிய பின்னரும் புதியது வாங்கும் வசதி பலருக்கு இல்லை. எனவே இருப்பதைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதே நமது வாழ்க்கைமுறையாகிவிட்டது. பத்து, பதினைந்து, இருபது வயதுடைய இயந்திரங்கள் வீதியில் ஓடுகின்றன. அவற்றுக்கு உதிரிப்பாகம் வேண்டும்.

உதிரிப்பாகத் தட்டுப்பாடு வடபகுதி மக்களுக்குப் புதிய அனுபவமல்ல. 1990இல் மீண்டும் போர் மூண்ட பின்னர் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருளும் வரவில்லை. வாகன உதிரிப்பாகங்களும் வரவில்லை. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தின் வீதிகளை ஆண்டது ஹொண்டா எம்.டி.90. ஜப்பானில் தபாற்காரர்கள் ஓட்டிக் கழித்த பின்னர் இங்கு இறக்குமதியான வாகனம் அது. 1958இல் ஹொண்டா அறிமுகப்படுத்திய சுப்பர் கப் என்ற சின்னஞ்சிறு வாகனத்தின் வழிவந்தது. 2017இல் அந்தச் சுப்பர் கப்பின் உற்பத்தி பத்துக் கோடியை எட்டியது. எளிமையான இயந்திரம், அடித்தாலும் உதைத்தாலும் ஓடும்.

அதை எங்கள் கராஜ்காரர்கள் மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் இலகுவில் ஆவியாகாது. எனவே சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு, உதைத்துக் கிளப்பி, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். வெண்புகையும் நெடியும் தாங்க முடியாதவை. கரி படியும், என்ஜின் ஒயில் நீர்த்துப் போகும், இயந்திரத்தின் ஆயுள் குறையும். இவை அனைத்தையும் தெரிந்துகொண்டே செய்தார்கள். எந்த வாகனத்தின் எந்தத் துண்டு வேறெந்த வாகனத்துக்குப் பொருந்தும், எதைக் கடைந்து எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதெல்லாம் அவர்களுடைய விரல் நுனியில் இருந்தன.

அன்று பொருள் இல்லை, அறிவு இருந்தது. இன்று பொருள் வீட்டு வாசலுக்கு வருகிறது. அதைத் தெரிந்தெடுக்கும் அறிவு வியாபாரத்திலிருந்து நழுவிக்கொண்டிருக்கிறது. எனது கவலை இதுதான்.

கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஊசி முதல் என்ஜின் வரை அங்கு கிடைக்கும் என்பார்கள். தேய்ந்த துண்டைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு போவோம். கடைக்காரர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பல்லை எண்ணுவார். உள்ளே போய் இன்னொன்றைக் கொண்டுவந்து அருகருகே வைத்துப் பார்ப்பார். "இது உங்கட வாகனத்தின்ர இல்லை, ஆரோ மாத்திப் போட்டிருக்கினம்" என்று சொன்னாலும் சொல்வார். ஜப்பான் சாமான் இந்த விலை, தாய்வான் சாமான் இந்த விலை, இந்தியச் சாமான் இந்த விலை என்று மூன்றை முன்னால் வைப்பார். அவர்களிலும் ஏமாற்றுக்காரர் இருந்தனர்; ஒன்றுக்கு மூன்று விலை வைத்தவர்களும் இருந்தனர். ஆயினும் மறுநாள் போய்ச் சட்டையைப் பிடிப்பதற்கு ஒரு மனிதர் அங்கு நின்றார்.

இணையம் ஊடாக வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. அதனால் விளைந்த நன்மைகளை மறுப்பது நேர்மையாகாது. உள்ளூர் முகவர்கள் கைவிட்ட பழைய மாதிரிகளுக்கான பாகங்களை ஜப்பானிலிருந்தோ தாய்லாந்திலிருந்தோ தருவிக்க முடிகிறது. கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் இருப்பவர் ஒரு கேபிளுக்காகக் கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. கடைக்காரர் சொல்லும் விலை நியாயமானதா என்று அங்கேயே நின்று கைபேசியில் பார்த்துவிட முடிகிறது. முன்னர் முகவர்களின் மேசைகளில் மட்டும் இருந்த உதிரிப்பாக வரைபடங்களைப் பல தளங்களில் இன்று எவரும் இலவசமாகப் பார்க்கலாம். புலம்பெயர்ந்து வாழும் உறவினர் அங்கிருந்தே வாங்கி, ஊருக்கு வருபவரின் பயணப் பெட்டிக்குள் வைத்து அனுப்புவதும் நடக்கிறது.

சிக்கல், படத்தையும் விலையையும் மட்டும் பார்த்து வாங்குவதில் இருக்கிறது. மோட்டார் சைக்கிளின் பாகங்கள் சேலையோ சப்பாத்தோ அல்ல. படத்தில் ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு பாகங்களுக்கிடையில் கண்ணுக்குத் தெரியாத கால் மில்லிமீற்றர் வித்தியாசம் இருக்கலாம்.

ஹொண்டா நிறுவனத்தின் இலக்க முறையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பாகத்துக்கும் மூன்று பகுதிகளைக் கொண்ட ஓர் இலக்கம் உண்டு. முதல் ஐந்து இலக்கங்கள் அது என்ன பாகம் என்பதைக் கூறும். நடுவிலுள்ள மூன்று குறிகள் எந்த மாதிரிக்காகச் செய்யப்பட்டது என்பதைக் கூறும். கடைசிப் பகுதி அதன் வேறுபாடுகளைக் குறிக்கும். 13101 என்று தொடங்கினால் அது சாதாரண அளவு பிஸ்ரன். 13102 என்றால் கால் மில்லிமீற்றர் பெரியது. 13103 என்றால் அரை மில்லிமீற்றர் பெரியது. சிலிண்டரைக் கடைந்து பெருப்பித்த பிறகு போடுபவை இவை. மூன்றுக்கும் படம் ஒன்றுதான். தவறானதை வாங்கினால் ஒன்றில் உள்ளே போகாது. அல்லது உள்ளே ஆடி இயந்திரத்தைக் கெடுக்கும்.

செயினும் அப்படியே. 420, 428 என்ற இரண்டு அளவுகளிலும் ஊசிகளுக்கிடையிலான தூரம் ஒன்றுதான்: அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீற்றர். உள்ளகலம் வேறு. 420க்கான பற்சில்லில் 428 செயின் ஏறி உட்கார்ந்துவிடும். பொருந்திவிட்டது என்று நினைப்போம். அது பக்கவாட்டில் ஆடி ஆடிப் பல்லைத் தின்னும். ஸ்பாக் பிளக்கில் வெப்ப இலக்கம் என்று ஒன்றுண்டு. என்.ஜி.கே. பிளக்குகளில் இலக்கம் கூடக்கூட வெப்பத்தை விரைவாக வெளியேற்றும். வேறு சில நிறுவனங்களின் இலக்கமுறை இதற்கு நேர்மாறானது. போதாக்குறைக்கு, பெயர்பெற்ற பிளக்குகளுக்கு உலகெங்கும் போலிகள் மலிந்துள்ளன. பெட்டியின் அச்சைப் பார்த்து வித்தியாசம் காண்பது அனுபவசாலிகளுக்கே கடினம். கைபேசித் திரையில் அது யாருக்கும் முடியாத காரியம்.

ரயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 3524 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். றப்பர் சும்மா கிடந்தாலும் முதுமையடையும். கடையில் குனிந்து பார்த்தால் தெரியும் இந்த விபரத்தை, இணையத்தில் விற்பவர் தாமாகச் சொல்வதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

வவுனியாவில் வசிக்கும் எனது நண்பர் ஒருவர், இணையத்தில் அரைவிலைக்குக் கிடைத்ததென்று பின்சில்லுக்கான பிறேக் ஷூ வாங்கினார். படம் சரி, பெட்டி சரி, பொருத்தியபோதும் சரி. சில வாரங்களில், ஷூவின் மேல் ஒட்டப்பட்டிருந்த பிறேக் லைனர் கழன்று சில்லின் உள்ளே இறுகிக்கொண்டது. ஒழுங்கைக்குள் மெதுவாக வந்தபடியால் முழங்கால் காயத்துடன் தப்பினார். ஏ-9 வீதியில் லொறியொன்றின் முன்னால் அது நிகழ்ந்திருந்தால் நான் அவருக்கு அஞ்சலிக் குறிப்பு எழுதியிருப்பேன். விற்ற தளத்திடம் முறையிட்டபோது, திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டதென்றும், தாங்கள் இடத்தை மட்டுமே கொடுப்பவர்கள், விற்றவர் வேறொருவர் என்றும் பதில் வந்தது. அந்த விற்பனையாளரின் பெயரில் அப்போது எவரும் அங்கு இருக்கவில்லை.

மலிவு விலையைக் கண்டு மயங்கினார் என்று நண்பரைக் குறைகூறுவது எளிது. மாதச் சம்பளத்தில் பாதி உணவுக்கே போய்விடும் நாட்டில், முகவரின் அசல் பாகத்தின் விலையைக் கேட்டுத் தலைசுற்றியவருக்கு அரைவிலை என்பது ஆசையல்ல, நிர்ப்பந்தம். அதனாலேயே அவருக்குச் சட்டத்தின் பாதுகாப்பு தேவைப்படுகிறது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் நமக்கு உண்டு. அரிசிக்கும் பருப்புக்கும் விலை ஒட்டவில்லையென்று கடைகளைச் சோதனையிடும் அதிகாரிகள், பிறேக் ஷூவையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். இணையத்தில் விற்பவர்கள் நான்கு விடயங்களைக் கட்டாயம் குறிப்பிட வேண்டுமென்று விதித்தாலே பெரும் பகுதி சீராகும். பாகத்தின் இலக்கம், தயாரித்த நிறுவனமும் நாடும், அது வாகன நிறுவனத்தின் அசலா, வேறு நிறுவனத்தின் மாற்றுத் தயாரிப்பா, பாவித்ததா என்ற விபரம், விற்பவரின் உண்மையான பெயரும் முகவரியும். ஒவ்வொரு விற்பனையிலும் தரகு பெறும் தளம், விற்றவர் மறைந்துவிட்டால் தானே பொறுப்பேற்க வேண்டும். வருவாயில் பங்கு உண்டு, பழியில் பங்கில்லை என்பது எந்த ஊர் நியாயம்?

முகவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாற்றுத் தயாரிப்புகள் எல்லாம் போலிகளல்ல. தங்கள் பெயரைத் தாங்களே போட்டுத் தரமாகச் செய்யும் நிறுவனங்கள் பல உள்ளன. இன்னொருவரின் பெயரைத் திருடிப் போடுவதே போலி. இந்த வேறுபாட்டை மறைத்து, தமது பொருளைத் தவிர மற்றதெல்லாம் குப்பை என்று முகவர்கள் பயமுறுத்துவதால்தான் மக்கள் எதையும் நம்பாமல் மலிவானதை வாங்குகிறார்கள்.

சட்டம் வரும்வரை நாம் செய்யக்கூடியவையும் உண்டு. இலக்கம் தெரியாமல் எதையும் வாங்காதீர்கள். வரைபடத்தில் இலக்கத்தைக் கண்டுபிடித்து, உங்கள் கராஜ்காரரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். கண்ணாடி, இருக்கை உறை, சிக்னல் விளக்கு மூடி போன்றவற்றை எங்கேயும் வாங்கலாம். தவறினால் பணம் மட்டுமே போகும். பிறேக், ரயர், செயின், ஸ்ரியரிங் போல்றேஸ் ஆகியவற்றை முகம் தெரிந்தவரிடம் பற்றுச்சீட்டுடன் வாங்குங்கள்.

உரிய காலத்தில் பராமரித்தால் வாங்கவேண்டிய தேவையே பாதியாகக் குறையும். ஒயிலை நேரத்துக்கு மாற்றுங்கள். செயினின் தொய்வு, சிறிய ரக வாகனங்கள் பலவற்றுக்கு 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை இருக்கலாம். உங்கள் வாகனத்தின் கைந்நூல் சரியான அளவைச் சொல்லும். பல ஹொண்டா வாகனங்களில் பிறேக் தட்டில் ஓர் அம்புக்குறி உண்டு. பிறேக்கை முழுமையாக அழுத்தும்போது அது எதிரிலுள்ள குறியைத் தொட்டால் லைனர் தேய்ந்துவிட்டது. இதைப் பார்க்க அரை நிமிடம் போதும்.

கராஜ்காரர்களோடு கொஞ்சம் பொறுமையாக இருங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பாகத்தை நாமே இணையத்தில் வாங்கிக்கொண்டுபோய் "இதைப் போட்டுத் தா தம்பி" என்று நீட்டும்போது அவர்கள் முகம் சுழிப்பதுண்டு. பாகத்தில் கிடைக்கும் சிறு இலாபம் போய்விட்டதே என்பது ஒரு காரணம். நாளைக்கு அது பழுதானால் பழி தம் தலையில் விழுமே என்பது மற்றக் காரணம். இரண்டும் நியாயமானவை. தெரிந்தெடுப்பதற்கும் ஒரு கூலியை அவர்களுக்குக் கொடுங்கள். தடைக்காலத்தில் ஒரு சமூகத்தையே நகர வைத்தவர்களின் மாணவர்கள் அவர்கள். அந்தத் தொழிலறிவுக்கு நாம் விலை கொடுக்காவிட்டால், அடுத்த தலைமுறையில் அதைக் கற்க ஒருவரும் வரமாட்டார்கள். பிறகு எந்தத் தளத்தில் தேடினாலும் அது விற்பனைக்குக் கிடைக்கப்போவதில்லை.