அறுபதுக்குப் பிறகும் வரும் குடல் அழற்சி

வீட்டுப் பெரியவருக்கு மலத்தில் ரத்தம் போனால், 'மூலமாக இருக்கும்' என்று சொல்லிவிடுகிறோம். பேதி வாரக்கணக்கில் நீடித்தால், 'வயசாச்சு, செரிக்கவில்லை' என்று சாப்பாட்டைக் குறைக்கிறோம். மூலமாகவே இருக்கவும் கூடும். ஆனால், இல்லாதபோது சிகிச்சைக்கு உரிய மாதங்கள் வீணாகின்றன.

உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் தடம்மாறி, குடல் சுவரில் ஓயாத அழற்சியை உண்டாக்குவதுதான் குடல் அழற்சி நோய். இதில் முக்கிய வகைகள் இரண்டு. அல்சரேட்டிவ் கொலைடிஸ் மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும். பெருங்குடலின் உட்படலத்தோடு நின்றுவிடும். க்ரோன்ஸ் நோய் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம்; குடல் சுவரை ஆழமாகவும் தாக்கும். பலரும் குடல் அழற்சி நோயோடு குழப்பிக்கொள்ளும் ஐ.பி.எஸ். (குடல் எரிச்சல் நோய்) வேறு. அதில் புண்ணோ ரத்தப்போக்கோ இராது. அறுபதைத் தாண்டியவருக்கு முதன்முறையாக இப்படிப்பட்ட தொல்லை தொடங்கினால், பரிசோதிக்காமல் ஐ.பி.எஸ். என்று முடிவு கட்டக் கூடாது.

குடல் அழற்சி இளவயதினரின் நோய் என்ற எண்ணம் பாதி உண்மைதான். மேலைநாட்டு ஆய்வுகளின்படி, இந்த நோய் புதிதாகக் கண்டறியப்படுபவர்களில் சுமார் 10 முதல் 15 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். முதுமையில் இது பெரும்பாலும் அடக்கமாகவே வெளிப்படும். கடும் வயிற்றுவலி இல்லாமல், எடை குறைவதும் ரத்தசோகையும் மட்டுமே தென்படலாம்.

நோயைக் கண்டறிவதில் சிக்கல், இதே அறிகுறிகளைக் காட்டும் நோய்கள் முதுமையில் அதிகம் என்பதே. குடலுக்கு ரத்த ஓட்டம் குறைவது, பெருங்குடல் புற்றுநோய், கிருமித்தொற்று, மூட்டுவலிக்குத் தொடர்ந்து விழுங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளால் வரும் புண் எனப் பட்டியல் நீளும். நம் நாட்டில் இன்னொன்றும் உண்டு: குடல் காசநோய். அது பார்வைக்கு க்ரோன்ஸ் நோயைப் போலவே இருக்கும். காசநோயை க்ரோன்ஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி பரவும். க்ரோன்ஸை காசநோய் என்று நினைத்தால், குடல் சேதமாகிக்கொண்டிருக்கும்போதே மாதங்கள் கழியும். அதனால் கொலோனோஸ்கோபி செய்து, திசுவை எடுத்துப் பரிசோதிப்பது அவசியம். மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்ப்பது, குடலில் அழற்சி இருக்கிறதா என்று அறிய உதவும்.

மிதமான அல்சரேட்டிவ் கொலைடிஸுக்கு மெசலமின் முதல்நிலை மருந்து. சிறுநீரகத்தைக் கண்காணித்தபடி தரலாம். ஸ்டீராய்டு விரைவில் நிம்மதி தரும், ஆனால் மாதக்கணக்கில் நீட்டிக்க உகந்ததல்ல. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், எலும்பைத் தேய்க்கும், கண்புரையையும் தொற்றையும் வரவழைக்கும். அதற்காகத் தாமாகவே திடீரென நிறுத்துவதும் ஆபத்து. எதிர்ப்பு சக்தியைக் கட்டுப்படுத்தும் ஊசி மருந்துகளைத் தொடங்கும் முன், உடலில் காசநோய்க் கிருமியும் ஹெபடைடிஸ் பி வைரஸும் பதுங்கியிருக்கின்றனவா என்று பார்த்தாக வேண்டும். யூரிக் அமிலத்துக்கு அல்லோபியூரினால் சாப்பிடுபவருக்கு எதிர்ப்பு சக்தியைக் கட்டுப்படுத்தும் அசாதயோப்ரின் மாத்திரையை வழக்கமான அளவில் கொடுத்தால் ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையும். எனவே, எல்லா மாத்திரைகளின் பெயர்களும் ஒரே தாளில் மருத்துவரின் பார்வைக்குப் போக வேண்டும்.

இத்தனை எச்சரிக்கைகளைக் கேட்டு, 'இந்த வயதில் எதற்கு வீரியமான மருந்து?' என்று பின்வாங்கினால் அதுவும் தீங்கே. அடங்காத அழற்சி உடலை உருக்கும், ரத்தக்கட்டு அபாயத்தைக் கூட்டும், அவசர அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகும். சிகிச்சையைத் தீர்மானிக்கும்போது பார்க்க வேண்டியது நோயாளியின் உடல் பலமும் மற்ற நோய்களுமே. எழுபத்தைந்து வயதிலும் தினம் நடந்துபோய்க் காய்கறி வாங்கி வருபவருக்கும், அதே வயதில் படுக்கையில் இருப்பவருக்கும் ஒரே முடிவு பொருந்தாது.

ரத்தப்போக்கோ, இரண்டு வாரத்துக்கு மேல் நீளும் பேதியோ, காரணமில்லாத எடை இழப்போ இருந்தால் குடல்நோய் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கூச்சத்தில் பெரியவர்கள் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கேட்க வேண்டிய பொறுப்பு நம்முடையது.