நோட்டில் எழுதாத மொய்

கல்யாண வீட்டில் மொய் நோட்டுடன் ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, பார்த்திருப்பீர்கள். யார், எந்த ஊர், எவ்வளவு என்று எல்லாம் எழுதியாகிவிடும். நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்தில் குறையாமல் திருப்பிச் செய்ய வேண்டுமல்லவா?

காரியாலயத்திலும் ஒரு மொய் நடக்கிறது. அதற்கு நோட்டுதான் கிடையாது.

என் சிநேகிதி ஒருத்தி கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் சிதம்பரத்துக்கு உத்தியோகம் பார்க்கப் போய் வந்தாள். 2011 டிசம்பர் 30-ம் தேதி 'தானே' புயல் கடலூரைப் புரட்டிப் போட்டதே, அப்போது அவள் வீட்டு ஓடுகள் பறந்துவிட்டன. விளக்கும் இல்லை, கையில் குழந்தை வேறு. ஒரு வாரம் கழித்துப் பயந்துகொண்டே வேலைக்குப் போனாள். மேலதிகாரி அம்மாள் விளக்கம் கேட்கவில்லை. "குழந்தைக்குப் பால் கிடைக்கிறதா?" என்றுதான் கேட்டாராம். பக்கத்து மேஜைக்காரர் இவளுடைய ஃபைல்களையும் சேர்த்துப் பார்த்து வைத்திருந்தார்.

அந்த மார்ச் மாதக் கணக்கு முடிப்பில், யாரும் சொல்லாமலே, இவள் இரவு வரை உட்கார்ந்து வேலை செய்தாள். "மனசு கேட்கவில்லையடி" என்றாள் என்னிடம்.

இதே சிநேகிதிதான் முன்பு வேறோர் இடத்தில் மணி அடித்ததும் பையை எடுத்தவள்! அங்கிருந்த அதிகாரி ஒரு நாள் ஒரு மணி நேரம் முன்னதாக விட்டுவிட்டு, அதைப் பத்து நாள் சொல்லிக் காட்டினாராம்.

பீட்டர் பிளாவ் என்ற சமூகவியல் அறிஞர் 1964-ல் வெளிவந்த தம் நூலில் இதை விளக்கியிருக்கிறார். கடையில் இவ்வளவு சாமானுக்கு இவ்வளவு பணம் என்று முன்கூட்டியே பேசிவிடுகிறோம். உபகாரத்துக்கோ, பதிலுக்கு என்ன, எப்போது என்ற பேரமே கிடையாது. நம்பிக்கை ஒன்றுதான் ஜாமீன். அமெரிக்க அரசாங்க அலுவலகம் ஒன்றில் அவர் கவனித்ததும் ருசிகரமானது. சந்தேகம் வந்தால் ஊழியர்கள் மேலதிகாரியிடம் போகாமல், கெட்டிக்காரச் சகாக்களிடம் போவார்கள். கேட்டவருக்கு வேலை நடந்தது. சொன்னவருக்கு மதிப்பு கிடைத்தது. ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தாலோ, ஒருவருக்கு வேலை கெடும். மற்றவருக்கு மானம் குறையும்.

"நமக்கென்ன, நாம் உத்தியோகத்துக்கா போகிறோம்?" என்கிறீர்களா? நம் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வருகிறாளே, அவளுக்கு நம் வீடுதான் காரியாலயம்! அவள் குழந்தைக்குக் காய்ச்சலென்றால் சீக்கிரமே அனுப்பி வையுங்கள். ஆனால், தீபாவளி சமயத்தில் அதைச் சொல்லிக் காட்டாதீர்கள். காட்டினீர்களோ, அதுவும் நோட்டில் எழுதின மொய்யாகிவிடும்.