கத்தி பட்டால் பரவுமா?



திருமுல்லைவாயிலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய மாமனாருக்குக் குதிகாலில் கறுப்பாக ஒரு திட்டு. முள் குத்திய தழும்பு என்று முதலில் விட்டுவிட்டார்கள். பிறகு கால் ஆணி என்று நினைத்து மெடிக்கலில் பிளாஸ்டர் வாங்கி ஒட்டினார்கள். இப்போது ஓரத்தில் நீர் கசிகிறது. கொஞ்சம் சதையை எடுத்து டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும் என்கிறார் தோல் டாக்டர். வீட்டுப் பெரியவர்கள் விடவில்லை. "கத்தி பட்டா பரவிடும், பேசாம இரு" என்கிறார்களாம்.

வாசகிக்குத் தனியாகவே பதில் எழுதிவிட்டேன், தள்ளிப்போடாமல் போங்கள் என்று. ஆனால் இந்த ஒரு பேச்சு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் எத்தனை வீடுகளில் நடக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். அதனால் இந்த மாத ஆசிரியர் பக்கம் முழுவதும் இதற்குத்தான்.

பரவாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோல் புற்றுநோய்களில் பொல்லாதது மெலனோமா. அதிலேயே, சதை எடுத்துச் சோதித்தவர்களின் ஆயுள் அந்தச் சோதனையால் குறையவில்லை என்று மருத்துவ உலகம் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறது. பிறகு ஏன் இந்தப் பேச்சு? நம் ஊரில் ஒருவர் கத்திக்குச் சம்மதிப்பதற்குள் பச்சிலை, களிம்பு, மந்திரிப்பு என்று ஒரு வருடம் ஓடிவிடுகிறது. அதற்குள் நோய் உள்ளே இறங்கியிருக்கும். ஆபரேஷன் நடந்ததும் அது வெளியே தெரிந்ததும் அடுத்தடுத்து வந்தால் பழி கத்தி மேல் விழுகிறது. தாமதத்தின் மேல் யாரும் பழி போடுவதில்லை.

"நம்ம கறுப்புத் தோலுக்கு எங்கே சார் தோல் கேன்சர்?" என்று கேட்பவர்களும் உண்டு. பாதி சரிதான். நம் தோலில் உள்ள நிறமி வெயிலைத் தாங்கிக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவில் வெள்ளைத் தோல்காரர்களுக்கு இது அன்றாட நோய். இந்தியாவில் மொத்தப் புற்றுநோய்களில் இதன் பங்கு மிகச் சிறியது. மீதிப் பாதிதான் ஆபத்து. வெயில் படும் இடங்களை நிறமி காத்துவிடுவதால், நமக்கு வரும் மெலனோமா பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி என்று யாரும் பார்க்காத இடங்களில் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் கட்டைவிரல் நகத்தடியில் வந்தது இதே வகைதான். ஃபுட்பால் ஆடியபோது பட்ட அடி என்றே முதலில் நினைத்தார்கள். விரலை எடுத்துவிடலாம் என்ற யோசனைக்கு அவர் சம்மதிக்கவில்லை. நகத்தையும் அதன் அடிப்பகுதியையும் மட்டும் எடுத்தார்கள். 1981 மே மாதம் அவர் இறந்தபோது வயது 36.

உள்ளங்காலில் மச்சம் இருந்தால் ஊர் சுற்றும் யோகம் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். இருக்கட்டும். சின்ன வயதிலிருந்தே மாறாமல் இருக்கும் மச்சத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. நடுவயதுக்குமேல் புதிதாக முளைத்து, ஓரம் கோணல்மாணலாகி, ஒரே திட்டில் இரண்டு மூன்று நிறம் காட்டி, மாதத்துக்கு மாதம் பெரிதாகும் திட்டு எந்த யோகமும் தராது. நகத்திலும் அப்படித்தான். நம்மில் பலருக்குப் பல விரல்களில் மெல்லிய கறுப்புக் கோடு இயல்பாகவே இருக்கும், பயப்பட வேண்டாம். ஒரே ஒரு நகத்தில் புதிதாக வந்து, அகலமாகி, கறுப்பு நிறம் நகத்தைத் தாண்டி அடித்தோலில் ஏறினால் டாக்டர் பார்த்தாக வேண்டும்.

முகத்தில் வருவது வேறு வகை. மூக்கோரம், கண்ணுக்குக் கீழே, பளபளப்பான கறுப்புப் பரு போல இருக்கும். தொட்டால் ரத்தம் வரும், பொருக்குத் தட்டும், ஆறியது போலிருக்கும், மறுபடி கசியும். இது உடம்பில் வேறு இடத்துக்குப் போவது மிக அபூர்வம். ஆனால் இருந்த இடத்திலேயே பக்கத்தில் உள்ளதை அரித்துக்கொண்டே போகும். சிறிதாக இருக்கும்போது எடுத்துவிட்டால் அநேகமாக அதோடு கதை முடிந்தது.

எனக்கு அதிகம் கவலை தருவது மூன்றாவது வகை, ஏனென்றால் அது நம் வீடுகளின் கதையோடு பின்னியிருக்கிறது. பழைய தீக்காயத் தழும்பிலும், வருடக்கணக்கில் ஆறாத புண்ணிலும் புற்று வரலாம் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரிந்த விஷயம். 1828இல் இத்தகைய புண்களைப் பற்றி எழுதிய பிரெஞ்சு அறுவை மருத்துவர் மார்ஜோலின் பெயரால்தான் இன்றும் இதை அழைக்கிறார்கள். தீக்காயம் பட்டு இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துக்கூட வரும். மண்ணெண்ணெய் ஸ்டவ் காலத்தை நினைத்துப் பாருங்கள். ஸ்டவ் வெடித்து, கீழ்ப்பாக்கம் தீக்காய வார்டில் மாதக்கணக்கில் கிடந்து பிழைத்து வந்த பெண்கள் இன்று ஐம்பது, அறுபது வயதில் நம் தெருக்களில் இருக்கிறார்கள். தழும்பைப் புடவைத் தலைப்பால் மூடியே பழகியவர்கள். அந்தத் தழும்பில் திடீரென ஒரு வெடிப்பு, ஒரு புண், பூ மாதிரி ஒரு சதை வளர்ச்சி வந்தால் யாரிடமும் காட்ட மாட்டார்கள். அம்மா, அத்தை, சித்தி என்று அப்படி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், கூச்சம் தராமல் கேளுங்கள். சர்க்கரைப் புண்ணுக்கு வருடக்கணக்கில் தினமும் டிரெஸ்ஸிங் கட்டுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

உடுத்தும் வழக்கத்தாலும் தோல் புற்று வரும். மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் நோய்க்குறியியல் மேதை வி.ஆர்.கனோல்கர், சூர்யாபாய் என்பவருடன் சேர்ந்து 1945இல், இடுப்பில் வேட்டி இறுக்கும் இடத்தில் வரும் புற்றைப் பற்றி எழுதினார். பெண்களுக்குப் பாவாடை நாடா. 2024இல் வார்தா, பீகார் மருத்துவர்கள் இரண்டு மூதாட்டிகளின் இடுப்புப் புண்ணைப் பற்றி எழுதியபோது பத்திரிகைகளில் பரபரப்பாக வந்தது. இது மிக மிக அபூர்வம், யாரும் புடவையை விட வேண்டியதில்லை. நாடாவைக் கொஞ்சம் தளர்த்தி, கட்டும் இடத்தை மாற்றிக்கொண்டால் போதும். இடுப்பில் ஆறாத புண் இருந்தால் மட்டும் பவுடர் போட்டு மூடாதீர்கள்.

தொழிற்பேட்டை வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு தொழிலுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை முதன்முதலில் 1775இல் சொன்னவர் லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட். புகைபோக்கி துடைத்த பையன்களின் விரைப்பைத் தோலில் கரி தங்கிப் புற்று வந்தது. பின்னாளில் லங்காஷையர் பஞ்சாலைகளில் கதிர்களுக்கு விட்ட எண்ணெய் தொழிலாளிகளின் துணியில் ஊறி அதே இடத்தில் அதே நோயைத் தந்தது. இன்றைய கட்டிங் ஆயில்கள் எவ்வளவோ சுத்திகரிக்கப்பட்டவை. இருந்தாலும் ஆயில் துடைத்த பனியன் வேஸ்டை பேன்ட் பாக்கெட்டில் சொருகிக்கொண்டு நாள் முழுக்க லேத்தில் நிற்கும் பழக்கம் வேண்டாமே.

சரி, டாக்டரிடம் போனால் என்ன நடக்கும்? பயத்தில் பெரும்பகுதி இது தெரியாததால் வருவதுதான்.

முதலில் லென்ஸ் வைத்த சின்ன விளக்குக் கருவியால் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் சதைப் பரிசோதனை. இதற்கு வயிறு காயப் போக வேண்டியதில்லை, மயக்கமும் இல்லை. அந்த இடத்தில் மட்டும் மரத்துப்போகும் ஊசி. ஊசி ஏறும் சில நொடிகள் எரியும், உள்ளங்காலில் கொஞ்சம் அதிகமாகவே எரியும். அதன்பின் இழுப்பது தெரியும், வலி தெரியாது. சிறிய திட்டு என்றால் முழுவதையும் எடுத்துவிடுவார்கள். பெரிதாக இருந்தால் மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துண்டு. ஒன்றிரண்டு தையல், வீட்டுக்கு வந்துவிடலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், தாங்களாக நிறுத்தக் கூடாது.

எடுத்த சதையை மருந்துத் தண்ணீரில் போட்டுச் சின்ன டப்பாவில் தருவார்கள். பல இடங்களில் அதை லேபுக்குக் கொண்டுபோவது கூட வந்தவர்தான். டப்பாவின் மேல் பெயர், வயது, ஓ.பி. எண் சரியாக இருக்கிறதா என்று நின்று படித்துப் பாருங்கள். அவசரத்தில் அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ரிப்போர்ட் வரச் சில நாட்களிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகும். இந்தக் காத்திருப்புதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டம். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

புற்றுதான் என்று வந்தால் அடுத்தது முழுவதுமாக எடுப்பது. கட்டியைச் சுற்றி நல்ல தோலையும் கொஞ்சம் சேர்த்தே எடுப்பார்கள். முகத்தில் வரும் மெதுவான வகைக்குச் சுமார் நான்கு மில்லிமீட்டர். மெலனோமாவுக்கு அதன் ஆழத்தைப் பொறுத்து ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர். கடுகளவு புள்ளிக்கு விரல் நீளத் தையலா என்று வீட்டுக்கு வந்து புலம்புபவர்கள் உண்டு. வட்டமாக வெட்டித் தைத்தால் இரண்டு முனையிலும் தோல் புடைத்து நிற்கும். அதனால்தான் வேப்பிலை வடிவத்தில் நீளமாக வெட்டுகிறார்கள். இழுத்துத் தைக்க முடியாத இடங்களில் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவார்கள். ஆபரேஷன் செய்த இடத்தைவிடத் தோல் எடுத்த தொடைதான் சில நாள் அதிகம் எரியும். இதை முன்னாலேயே தெரிந்துவைத்துக்கொண்டால் பயம் வராது. முகத்துத் தையல் ஒரு வாரத்துக்குள் பிரிப்பார்கள். காலில் இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும். உள்ளங்கால் என்றால் சில வாரம் ஊன்றாமல் இருக்க வேண்டும். நகத்தடி மெலனோமா ஆழமாகப் போயிருந்தால் விரல் நுனியையே எடுக்கச் சொல்லலாம். கேட்கவே கஷ்டம்தான். மார்லியை நினைத்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டில் இரண்டு விஷயங்களை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஓரம் சுத்தமா, அதாவது வெட்டிய விளிம்பில் புற்று மிச்சம் இல்லையா? மிச்சம் இருந்தால் மறுபடி கொஞ்சம் எடுப்பார்கள், அதற்காக டாக்டர் தவறு செய்துவிட்டார் என்று பொருளில்லை. மெலனோமா என்றால், ஆழம் எத்தனை மில்லிமீட்டர்? 1970இல் அமெரிக்க மருத்துவர் பிரெஸ்லோ சொன்ன அளவு இது. ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலானோர் ஆபரேஷனோடு நலமாகிவிடுகிறார்கள். அதைத் தாண்டினால் தொடையிடுக்கிலோ அக்குளிலோ நெறி கட்டியிருக்கிறதா என்று பார்த்து, முதல் நெறிக்கட்டியை எடுத்துச் சோதிப்பார்கள். பரவிய மெலனோமாவுக்கும் இன்று எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் மருந்துகள் உண்டு. அந்த ஆராய்ச்சிக்கு 2018இல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் அதன் விலை சம்பளக்காரக் குடும்பத்தைக் கலங்கடிக்கும். சீக்கிரம் போய்விட்டால் அந்தச் செலவு பெரும்பாலும் வராது.

எங்கே போவது? நம் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை இருக்கிறது, அதே சாலையின் கடைசியில் சென்ட்ரல் எதிரே பெரியாஸ்பத்திரி. ஆவடியிலோ அம்பத்தூரிலோ மின்சார ரயில் ஏறினால் வாசலில் இறங்கலாம். ஈ.எஸ்.ஐ. அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எது இருந்தாலும் முதல் நாளே எடுத்துப் போங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ வேறு எங்கோ இரண்டாவது கருத்துக்குப் போவதானால் ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. முதல் லேபில் கேட்டு, சதையைப் பதித்த மெழுகு பிளாக்கையும் ஸ்லைடையும் வாங்கிக்கொண்டு போக வேண்டும். இதைச் சொல்வார் இல்லாமல் அலைந்து திரும்பியவர்கள் நிறைய.

மருவுக்கு முடி கட்டுவது, மச்சத்தைச் சுண்ணாம்பு வைத்து எரிப்பது, பியூட்டி பார்லரில் சுட்டு எடுப்பது, இவற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அது புற்றாக இருந்தால், எரித்த பிறகு சோதனைக்கு அனுப்ப எதுவுமே மிஞ்சாது. மேலே ஆறிவிடும், வேர் உள்ளே இருக்கும்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத எந்தப் புண்ணும் டாக்டர் பார்வைக்குப் போக வேண்டும். வருகிற சனிக்கிழமை வீட்டில் பெரியவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது அவர்களுடைய உள்ளங்கால், விரலிடுக்கு, நகம், முதுகு எல்லாவற்றையும் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். அவர்களால் குனிந்து பார்த்துக்கொள்ள முடியாது. சந்தேகமாக ஏதாவது தென்பட்டால் திங்கட்கிழமை காலையே ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்